வளையும் உலோகம் விடும் எலக்ட்ரான்

கம்பி கட்டுகிறவரிடம் ஒரு சாண் கட்டுக்கம்பி வாங்கி, ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக மடக்கிப் பாருங்கள். முதல் மடக்கு இலகுவாக வரும். அடுத்தடுத்த மடக்கில் விறைப்பு ஏறும். வேகமாக மடக்கினால் வளைந்த இடம் கையில் சுடும். கடைசியில் பட்டென்று ஒடியும். விறைப்பு, சூடு, முறிவு மூன்றும் கைக்குத் தெரிகிறவை. கைக்குத் தெரியாத நான்காவது ஒன்றும் உண்டு. உலோகம் நிலையாக உருமாறும்போது அதன் மேற்பரப்பிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியே வரும். அலுமினியம், மக்னீசியம், எஃகு என்று பல உலோகங்களில் இதை அளந்திருக்கிறார்கள். இப்படி வருகிறவற்றுக்கு எக்ஸோ எலக்ட்ரான்கள் என்று பெயர்.

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் எலக்ட்ரான் உமிழ்வுக்கு நான்கு வழிகள் சொல்லித் தருகிறார்கள்: வெப்பத்தால், வலிய மின்புலத்தால், ஒளியால், வேகமாக வந்து மோதும் துகள்களால். வளைப்பதால் என்று ஐந்தாவது வழி அங்கே இல்லை. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. வளைப்பது எலக்ட்ரானை நேரே வெளியே தள்ளுவதில்லை; தள்ளுவதற்கு அதற்கு வலு போதாது. அது செய்வது வேறு வேலை. அந்த வேலை என்னவென்று பிடிபட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

கிணறும் கைப்பிடிச் சுவரும்

உலோகத்துக்குள் இருக்கும் எலக்ட்ரான்களைக் கிணற்று நீராக எண்ணிக்கொள்ளலாம். ராமேசுவரம் கோயிலின் தீர்த்தக் கிணறுகளில் வாளி விட்டு இறைக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: கிணறு எத்தனை ஆழமாகவும் இருக்கட்டும், நீர்மட்டத்திலிருந்து கைப்பிடிச் சுவர் வரை உள்ள உயரத்துக்குத்தான் கை வலிக்கும். அந்த உயரம்தான் வெளியேற்று ஆற்றல். எலக்ட்ரான் அளவிலான ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகால் அளப்பார்கள். அலுமினியத்துக்கு அது சுமார் 4.2 எலக்ட்ரான் வோல்ட். மக்னீசியத்துக்கு 3.7, துத்தநாகத்துக்கு 4.3, இரும்புக்கு 4.5, தங்கத்துக்கு 5.1 என்ற அளவில் இருக்கும்.

அறை வெப்பநிலையில் ஒரு துகளுக்குச் சாதாரணமாகக் கிடைக்கும் வெப்ப ஆற்றல் 0.025 எலக்ட்ரான் வோல்ட். அலுமினியத்தின் சுவர் அதைப்போல் 170 மடங்கு உயரம். ஆகவே பங்குனி, சித்திரை வெயிலில் கை வைக்க முடியாதபடி தகடு காய்ந்தாலும், வெப்பத்தால் மட்டும் ஒரு எலக்ட்ரானும் ஏறி வராது.

வளைக்கும் ஆற்றல் எங்கே போகிறது? உலோகத்தை உருமாற்றச் செலவிடும் வேலையில் ஏறத்தாழ 90 சதவீதம் சூடாகிவிடும். மிச்சம் படிகத்துக்குள் குறைகளாகத் தங்கும். அந்த மிச்சத்தை எல்லா அணுக்களுக்கும் பங்கிட்டால், ஓர் அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. தேவையோ நான்குக்கு மேல். வளைப்பதே எலக்ட்ரானை உதைத்துத் தள்ளுகிறது என்று சிலர் எழுதுவது ஏன் பிழை என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

கிழிகிற தோல்

நாம் கையாளும் உலோகம் எதுவும் வெறும் உலோகம் அல்ல. அலுமினியத் தகட்டின்மேல் 2 முதல் 4 நானோமீட்டர் தடிப்பில் ஆக்சைடு தோல் போர்த்தியிருக்கும். உள்ளே இருக்கும் அலுமினியம் இழுத்தால் நீளும், அடித்தால் பரவும். தோல் அப்படிப்பட்டதல்ல. அனோடைஸ் செய்த, அதாவது மின்சாரம் செலுத்தித் தடிக்க வைத்த ஆக்சைடு படலம் 1 சதவீதத்துக்கும் குறைந்த நீட்சியிலேயே விரிசல் விடத் தொடங்கிவிடும்.

உலோகம் எப்படி நீள்கிறது என்று பார்த்தால் கிழிசலின் கணக்கு தெரியும். படிகத்தின் அணு அடுக்குகள் மொத்தமாக நகர்வதில்லை. இடப்பிறழ்வு எனப்படும் கோடு போன்ற குறை ஒன்று அடுக்கின் ஊடாக ஓடி, மேற்பரப்பில் வந்து வெளியேறும். அங்கே ஒரு சின்னப் படி உண்டாகும். அலுமினியத்தில் ஓர் இடப்பிறழ்வு விடும் படி 0.29 நானோமீட்டர். ஒரே தளத்தில் பத்துப் பதினைந்து வெளியேறினால் படியின் உயரம் 3, 4 நானோமீட்டர் ஆகிவிடும். அது தோலின் தடிப்புக்குச் சமம். தோல் அந்த இடத்தில் கிழியும், காற்றைப் பார்த்திராத புது உலோகம் வெளியே தலை காட்டும்.

சூடேற்றி நன்கு பதமாக்கிய உலோகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குவெட்டை 10 லட்சம் இடப்பிறழ்வுக் கோடுகள் கடக்கும் என்றால், கடுமையாக அடித்து வளைத்த உலோகத்தில் அது ஒரு லட்சம் மடங்கு கூடிப்போகும். அத்தனையும் ஓடுகிற ஓட்டத்தில் மேற்பரப்பெங்கும் படிகளும் கிழிசல்களும் நிறைந்துவிடும். இன்னொரு மாற்றமும் கூடவே நடக்கும்: படிகளாக உடைந்த மேற்பரப்பின் வெளியேற்று ஆற்றல், வழுவழுப்பான மேற்பரப்பின் அளவைவிடக் கொஞ்சம் தாழ்வு. கிணற்றுச் சுவரில் அங்கங்கே கல் பெயர்ந்தது போல.

உலோகத்தை மீட்சி எல்லைக்குள் மட்டும் இழுத்து விட்டால் இதெல்லாம் நடக்காது. அப்போது அணுக்கள் இழுபட்டுத் திரும்பவும் பழைய இடத்துக்கே வந்துவிடும். படி இல்லை, கிழிசல் இல்லை. எலக்ட்ரான் எண்ணிக்கை உயரத் தொடங்கும் இடமும் உலோகம் நிலையாக விட்டுக்கொடுக்கத் தொடங்கும் இடமும் அடுத்தடுத்து அமைவது இதனால்தான். தங்கத்தில் ஆக்சைடு தோலே கிடையாது. தோல் கிழிந்து வரும் உமிழ்வுக்கு அங்கே இடமில்லை.

ஆற்றல் யார் தருவது

வளைப்பது வாசலைத் திறக்கிறது. வெளியேறும் ஆற்றலைத் தருவது வேறொன்று. பெரும்பாலும் அது ஒளி. ஓர் ஒளித்துகளின் ஆற்றலைக் கணக்கிட 1240ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் போதும். 300 நானோமீட்டர் ஒளிக்கு 4.1 எலக்ட்ரான் வோல்ட். ஓசோன் படலம் தடுத்தது போகத் தரைக்கு வந்து சேரும் சூரிய ஒளி ஏறத்தாழ இந்த அலைநீளத்தோடு முடிகிறது. எனவே தனுஷ்கோடி மணலில் நண்பகல் வெயிலுக்கு, புதிதாகச் சுரண்டிய மக்னீசியத்திலிருந்து எலக்ட்ரானை எடுக்கும் வலு உண்டு. அலுமினியத்தின் வாசலில் அது விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும். தங்கத்திடம் ஒன்றும் நடக்காது. வீட்டு எல்.இ.டி. விளக்கு இந்த எதற்கும் உதவாது.

இரண்டாவது, ஆக்சிஜன். புது அலுமினியத்திலோ மக்னீசியத்திலோ ஆக்சிஜன் போய் ஒட்டும்போது வெளிவரும் ஆற்றல் பெரிது. அதில் பெரும்பகுதி சூடாகிவிடும். மிக அரிதாக ஒரு நிகழ்வில் அது மொத்தமாக ஓர் எலக்ட்ரானிடம் போய்ச் சேரும், அந்த எலக்ட்ரான் இருட்டிலும் வெளியே வரும். மூன்றாவது, விரிசல். தோல் பிளக்கும்போது விரிசலின் இரு சுவர்களிலும் எதிரெதிர் மின்னூட்டம் தங்கிவிடலாம்; இடைவெளி மிகக் குறுகலாக இருப்பதால் உள்ளே எழும் மின்புலம் வலுவாக இருக்கும். நான்காவது, ஆக்சைடுக்குள் எலக்ட்ரானைப் பிடித்து வைக்கும் பொறிகள். அங்கே சிக்கிய எலக்ட்ரான்கள் சூடேற்றினால் வெளியே வரும். பெரிலியம் ஆக்சைடு இந்தக் குணத்தால் கதிர்வீச்சின் அளவைப் பதிவு செய்யப் பயன்பட்டது.

பெயரின் கதை இதோடு ஒட்டியது. கதிரியக்கத்தை எண்ணும் கைகர் எண்ணிகளைப் புதிதாகக் கடைந்து செய்தபோது, கதிரியக்கம் எதுவும் அருகில் இல்லாமலே அவை எண்ணத் தொடங்கின. நாளாக ஆக அடங்கின. ஜெர்மன் இயற்பியலாளர் யோஹன்னஸ் கிராமர் 1940களிலும் 1950ஐ ஒட்டியும் இதை விரிவாக ஆராய்ந்தார். கிராமர் விளைவு என்றே ஒரு பெயர் நிலைத்தது. மேற்பரப்பில் வெப்பம் வெளிவிடும் மாற்றங்கள்தான் எலக்ட்ரானைத் தள்ளுகின்றன என்ற எண்ணத்தில் எக்ஸோ என்ற ஒட்டு வந்தது. ஒளியின் பங்கு பெரிது என்பது பிறகு தெளிந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

பள்ளியில் செய்யக்கூடியது

தங்க இலை மின்காட்டியும் துத்தநாகத் தகடும் இருந்தால் இதன் சாயலைக் காட்டிவிடலாம். மின்னூட்டம் இருக்கும்வரை மின்காட்டியின் இலை விரிந்து நிற்கும், மின்னூட்டம் போனால் இறங்கும். துத்தநாகத்துக்கு அலைய வேண்டாம். பழைய சாதாரண டார்ச் பேட்டரியின் வெளிக்கூடு துத்தநாகம்தான், விசைப்படகின் அடியில் அரிப்புக்குப் பலியாகப் பொருத்தும் ஜிங்க் கட்டியும் அதுதான். தகட்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து மின்காட்டியின் தலையில் வைத்து, எதிர் மின்னூட்டம் கொடுங்கள். தண்ணீர் சுத்திகரிப்புக் கருவியில் இருக்கும் யு.வி. விளக்கு 254 நானோமீட்டர் ஒளி தரும், ஆற்றல் 4.9 எலக்ட்ரான் வோல்ட், துத்தநாகத்துக்குத் தாராளம். விளக்கைக் காட்டியதும் இலை இறங்கும். நடுவில் சாதாரணக் கண்ணாடித் துண்டைப் பிடித்தால் இறக்கம் நிற்கும். நேர் மின்னூட்டம் கொடுத்துச் செய்தால் இலை அசையாது. தேய்க்காத பழைய தகட்டில் இலை மெதுவாகவே இறங்கும், அல்லது இறங்கவே இறங்காது. இந்த விளக்கின் ஒளி கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். மூடிய பெட்டிக்குள் வைத்துத்தான் எரிக்க வேண்டும், மாணவர்கள் பார்க்கும் பக்கம் கண்ணாடி இருக்க வேண்டும்.

உப்புத்தாளால் தேய்ப்பதே கடுமையான உருமாற்றம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு மணலும் உலோகத்தை உழுது, தோலைக் கிழித்து, ஓரத்தில் வரப்பு கட்டிவிட்டுப் போகிறது. ஆனால் தகட்டை வெறுமனே வளைத்துவிட்டு இலையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இலையின் இறக்கம் கண்ணுக்குத் தெரிய ஆயிரம் கோடிக் கணக்கில் எலக்ட்ரான்கள் போக வேண்டும். வளைத்ததில் திறக்கும் கிழிசல்களின் பரப்பு அவ்வளவு தராது.

மண்டபம், பாம்பன் பக்கம் இதைச் செய்கிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. ஈரக்காற்றில் மின்காட்டியின் காப்புப் பகுதியே மின்னூட்டத்தைக் கசிய விடும். விளக்கே இல்லாமல் இலை இறங்கும். காப்புப் பகுதியைத் துடைத்து, ஹேர் டிரையரால் உலர்த்தி, விளக்கில்லாமல் இரண்டு நிமிடம் இலை நிற்கிறதா என்று பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

ஆய்வகத்தில் அளப்பது

வளைக்கும்போது வரும் எலக்ட்ரான்களை ஒன்று ஒன்றாக எண்ண வேண்டும். அதற்கு வெற்றிடம் தேவை, இரண்டு காரணங்களுக்காக. சில எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோ அதற்கும் குறைவோ உள்ள எலக்ட்ரான் காற்றில் ஒரு மில்லிமீட்டர் போவதற்குள் ஆயிரக்கணக்கான மோதல்களில் தளர்ந்து, ஆக்சிஜனோடு ஒட்டிக்கொள்ளும். கிழிசலும் காத்திருக்காது. டார் என்பது வெற்றிடத்தில் வழங்கும் அழுத்த அலகு. 10⁻⁶ டார் அழுத்தத்தில் புது மேற்பரப்பை ஓர் அடுக்கு வாயு மூட ஏறத்தாழ 1 நொடி ஆகும். 10⁻⁹ டாரில் 1000 நொடி. நாம் மூச்சு விடும் காற்றில் சில நானோ நொடி.

மாதிரியாக வணிகத் தூய அலுமினியப் பட்டை நல்லது. 1 மி.மீ. தடிப்பு, 10 மி.மீ. அகலம், பிடிப்புகளுக்கு இடையே 50 மி.மீ. நீளம். 350 டிகிரி செல்சியசில் ஒரு மணி நேரம் பதமாக்கினால் பழைய உருமாற்றத்தின் சுவடு போய்விடும். அசிட்டோனில் கழுவி, பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் அலச வேண்டும். அதற்குப் பின் வெறுங்கை படக்கூடாது. பீங்கான் காப்பு போட்ட பிடிப்பில் மாட்டி, பட்டைக்கு எதிர் மின்னழுத்தமாக 50 வோல்ட் அளவு கொடுத்தால் வெளிவரும் எலக்ட்ரான் விலகி எண்ணியை நோக்கிப் போகும். எண்ணியாகச் சானல்ட்ரான் பொருத்தம். 2 முதல் 3 கிலோவோல்ட்டில் அது ஓர் எலக்ட்ரானை ஒரு கோடி எலக்ட்ரான்களாகப் பெருக்கித் தரும். ஒளி உள்ளே வரும் ஜன்னல் குவார்ட்சாக இருக்க வேண்டும், சாதாரணக் கண்ணாடி வேண்டிய ஒளியையே தின்றுவிடும்.

ஒளியைத் தேர்ந்தெடுப்பதில்தான் அனுபவம் தேவை. வலிய ஒளி இருந்தால் நல்லது என்று தோன்றும். ஆனால் 254 நானோமீட்டர் போட்டால் கிழியாத பரப்பும் எலக்ட்ரான் விடும். பின்னணி எண்ணிக்கை ஏறிப்போய், கிழிசல் தரும் உயர்வு அதில் முங்கிவிடும். சுவரின் உயரத்தை ஒட்டிய ஆற்றல், அதாவது அலுமினியத்துக்கு 280, 290 நானோமீட்டர் பக்கம், நல்ல வேறுபாட்டைக் காட்டும்.

நிமிடத்துக்கு அரை மி.மீ. வேகத்தில் இழுத்தால் 5 நிமிடத்தில் 5 சதவீத நீட்சி. பதமாக்கிய அலுமினியத்தின் மீட்சி எல்லை 0.05 சதவீதத்தை ஒட்டி முடிந்துவிடும், 50 மி.மீ. நீளத்தில் அது 0.025 மி.மீ., ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. அதுவரை வரைபடம் தட்டையாக இருக்கும், பிறகு எழும். இழுப்பை நிறுத்தினால் உடனே சரிந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வெற்றிடத்தில் மிஞ்சியிருக்கும் நீராவி அலுமினியத்தில் படியும்போது வெளியேற்று ஆற்றல் முதலில் குறைவதுண்டு. எண்ணிக்கை ஓர் உச்சிவரை ஏறி, அதன் பின் இறங்கும். அழுத்தம் கூடுதலாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் விரைவாக முடிந்துவிடும்.

பொய் எலக்ட்ரான்கள்

இந்தச் சோதனையில் தவறு நடப்பது எண்ணாமல் போவதால் அல்ல, வேறெதையோ எண்ணிவிடுவதால். சூடான இழை கொண்ட வெற்றிட அளவி எலக்ட்ரான், அயனி, ஒளி மூன்றையும் விடும். அளக்கும்போது அதை அணைத்துவிட வேண்டும். அறைச் சுவரில் சிதறும் ஒளி சுவரிலிருந்தே எலக்ட்ரானை எடுக்கும். பிடிப்பில் பட்டை நழுவி உராய்ந்தால் அங்கே உண்டாகும் உமிழ்வு நடுப்பகுதியுடையது போலக் கணக்கில் ஏறும். எண்ணிக்கு நடுப்பகுதி மட்டும் தெரியும்படி ஒரு மறைப்புத் தகடு வைப்பது கட்டாயம். பீங்கான் காப்பின்மேல் மின்னூட்டம் சேர்ந்தால் எண்ணிக்கை திடீர் திடீரென்று துள்ளும். இழுக்கும் மோட்டாரின் துடிப்பு மின்கம்பி வழியாக வந்து எலக்ட்ரான் போலவே நடிக்கும்.

சந்தேகம் வந்தால் சோதிக்க எளிய வழி, எண்ணியின் வாய்க்கு முன் ஒரு வலை. பட்டையைவிடச் சுமார் 10 வோல்ட் கூடுதலான எதிர் மின்னழுத்தத்தில் வலையை வைத்தால், பட்டையிலிருந்து வரும் மெதுவான எலக்ட்ரான் நின்றுவிடும். மோட்டார் இரைச்சல் நிற்காது. இதைச் செய்யாமல் தரப்படும் எந்த வரைபடத்தையும் நம்பக் கூடாது.

நம் கடற்கரையில் இன்னொரு பொய் சேரும். அது உப்பு. வடகடல், தென்கடல் என்று எந்தப் பக்கக் காற்று அடித்தாலும் திறந்து வைத்த தகட்டில் ஓரிரு நாளில் உப்பு படியும். வாலிநோக்கம் உப்பளத்தில் எடுக்கும் அதே சோடியம் குளோரைடு, படிகமாக நசுங்கும்போதும் பிளக்கும்போதும் தானே எலக்ட்ரான் விடும் பொருள். பட்டையை இழுக்கையில் மேலிருக்கும் உப்புத் துணுக்கு உடைந்தால், அதன் எலக்ட்ரானையும் அலுமினியத்தின் கணக்கில் எழுதிவிடுவோம். அசிட்டோன் உப்பைக் கரைக்காது. எண்ணெய் போக அசிட்டோன், உப்பு போகக் காய்ச்சி வடித்த நீர், நீர் போக ஆல்கஹால் என்று மூன்றும் வேண்டும். கழுவிய பட்டையைச் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய கலத்தில் வைக்க வேண்டும். சோடியம் குளோரைடு 75 சதவீத ஈரப்பதத்தில் கசிந்து நீராகும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே கசியும். ராமேசுவரம் தீவில் காற்று அதற்குக் கீழே காய்வது அரிது. ஆகவே வெளியே வைத்த தகட்டின்மேல் எப்போதும் உப்புநீர்ப் படலம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

விரிசலுக்கு முந்திய செய்தி

இத்தனை சிரமப்பட்டு எண்ணுவதன் பயன் உலோகச் சோர்வில் தெரிகிறது. தாங்கும் அளவுக்குக் குறைந்த பளுதான், ஆனால் லட்சக்கணக்கான முறை வந்து போகிறது. அப்போது மேற்பரப்பின் சில குறுகிய கீற்றுகளில் மட்டும் அணு அடுக்குகளின் நழுவல் திரும்பத் திரும்ப நடக்கும். அந்தக் கீற்றுகளில் தோல் கிழியும், மற்ற இடம் அப்படியே இருக்கும். ஒளியை நுண்ணிய புள்ளியாகக் குவித்து மேற்பரப்பில் வரிவரியாக ஓட்டி, எந்தப் புள்ளியில் எலக்ட்ரான் கூடுகிறது என்று படம் எடுத்தால், விரிசல் பிறக்கப்போகும் இடம் விரிசலுக்கு முன்பே தெரியும். 1970களில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் இதைச் செய்து காட்டினார்கள்.

அப்படியானால் பாம்பன் ரயில் பாலத்தில் இதைக் கொண்டு ஆய்வு செய்யலாமே என்று கேள்வி வரும். 1914இல் திறந்த பழைய பாலம் நூறு ஆண்டுக்கு மேல் ரயிலின் அதிர்வையும் உப்புக்காற்றையும் சேர்த்தே தாங்கியது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்கும் அதே காற்றுதான். கேள்வி நியாயமானது, விடை முடியாது என்பதே. பாலத்தைச் சுற்றி வெற்றிடம் உண்டாக்க முடியாது. எஃகின்மேல் பெயிண்ட் இருக்கிறது, எலக்ட்ரான் அதைத் தாண்டாது. பெயிண்ட்டைச் சுரண்டினால் சுரண்டியதே புது உருமாற்றமாகி, பழைய செய்தியை அழித்துவிடும். அங்கே மீயொலிச் சோதனையும், காந்தத் துகள் சோதனையும், திரிபு அளவியும்தான் கைகொடுக்கும்.

எலக்ட்ரான் எண்ணுவது உதவும் இடம் அதற்கு முன்னால் இருக்கிறது. தோல் கிழிந்த இடத்தில் ஆய்வகத்தில் எலக்ட்ரான் வெளியேறுகிறது. கடலோரத்தில் அதே கிழிசலுக்குள் குளோரைடு நுழைகிறது. எவர்சில்வர் புரொப்பெல்லர் தண்டு ஒன்று தோல் கிழிந்ததும் எத்தனை விரைவாகப் புதுத் தோல் போர்த்துகிறது என்பதில்தான் அதன் ஆயுள் அடங்கியிருக்கிறது. போர்த்துவதற்குள் அடுத்த சுழற்சியின் பளு வந்துவிட்டால் அரிப்பும் சோர்வும் கைகோத்துக்கொள்ளும். எந்தக் கலவை சீக்கிரம் மூடிக்கொள்ளும், எந்த மேற்பூச்சு எத்தனை நீட்சி வரை விரிசல் விடாது என்பதைச் சிறு பட்டைகளில், வெற்றிடத்தில், அளந்த ஆக்சிஜனையும் நீராவியையும் உள்ளே விட்டு எண்ணிப் பார்க்கலாம். அப்படித் தேர்ந்தவற்றை மண்டபம் கரையில் சட்டத்தில் மாட்டி உப்புக்காற்றில் மாதக்கணக்கில் விட்டுப் பார்ப்பது அடுத்த படி.